பனங்காடைப் படத்துக்கு நான் வாங்கிய கையெழுத்து

மகனே,

வியாழக்கிழமை வக்கீல் உன்னிடம் நீட்டப் போகிற பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதே. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். கடிதம் நீளும் என்று தெரிகிறது. அங்கே நம் மெட்ராஸ் கடையில் யாராவது கூப்பிட்டு நீ பாதியில் எழுந்து போனாலும் இந்த ஒரு வரி உன் தலையில் நின்றிருக்க வேண்டும். அந்தப் பத்திரத்தின் மூன்றாவது பத்தி பொய். அது பொய் என்பது எனக்குத் தெரியும், வக்கீலுக்குத் தெரியாது, உனக்குத் தெரியுமா என்பது எனக்குத் தெரியாது. மூன்று வருடமாக உன்னிடம் கேட்கத் துணியாத கேள்வி அது.

அந்தப் பத்தி என்ன சொல்கிறது என்றால், நம் பனியன் பெட்டியின் மேல் இருக்கிற பனங்காடைப் படத்தை வரைந்த திருமுருகன்பூண்டிச் சிற்பி கந்தசாமி, அந்தப் படத்தின் உரிமை முழுவதையும் எனக்கு மட்டும் எழுதிக்கொடுத்தபோது நீ உடன் இருந்தாய். ஆங்கிலத்தில் இருந்த அந்தத் தாள் அவருக்குத் தமிழில் உள்ளது உள்ளபடி படித்துச் சொல்லப்பட்டது. அவர் புரிந்துகொண்டுதான் கையெழுத்துப் போட்டார் என்று நீ சத்தியம் செய்கிறாய். நீ உடன் இருந்தது நிஜம். நான் படித்ததும் நிஜம். தாளில் இருந்ததை நான் படிக்கவில்லை.

இது உனக்கு விளங்க வேண்டுமானால் உன் மாமனைப் பற்றிப் பேசியாக வேண்டும். உன் மாமனை எனக்குப் பிடிக்காது. இன்றைக்கும் பிடிக்கவில்லை. நான் பி.ஏ.வில் முதல் வகுப்பில் தேறியவன். மெட்ராஸ் சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்து, டிரங்குப் பெட்டிகூட வாங்கிவிட்டேன். அந்தச் சமயத்தில்தான் கல்யாணம் நிச்சயமானது. உன் அம்மாவைப் பெற்ற அப்புச்சி, "மாப்பளைக்குக் கோர்ட்டு எதுக்குங்க? நம்ம பையனும் மாப்பளையும் சேந்து ஒரு பனியன் கம்பெனி போட்டுக்கிட்டா ஆகாதுங்களா?" என்று என் தகப்பனாரிடம் சொன்னார். என் தகப்பனார் தலையாட்டினார். என்னை யாரும் கேட்கவில்லை. கம்பெனிக்குப் பூஜை போட்ட அன்று முதல் துணியை வெட்டக் கத்தரியை உன் அப்புச்சி தன் மகன் கையில் கொடுத்தார். என்னைப் பார்த்து, "பி.ஏ. மாப்பள, நீங்க அந்தப் பேரேட்டுல பிள்ளையார் சுழி போடுங்க" என்றார். கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். எட்டு வருடம் அந்தப் பெயரால்தான் எல்லோரும் என்னைக் கூப்பிட்டார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கிற மனிதர் முதலாளியாகவும், நான் அவருக்கு ஆங்கிலக் கடிதம் எழுதுகிறவனாகவும் இருந்தேன். இதையெல்லாம் மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது இன்னொரு பொய்யாகிவிடும்.

ஆனால் அந்தப் படம் அவருடைய யோசனை. இதை நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. ஆரம்பத்தில் நமக்கென்று லேபிள் கிடையாது. சிவகாசி அச்சகக்காரர்கள் ஒரு மாதிரிப் புத்தகம் வைத்திருப்பார்கள். அதில் பிடித்த படத்தைக் காட்டினால் அடியில் நம் கம்பெனிப் பெயரைச் சேர்த்து அச்சடித்துத் தருவார்கள். அடுத்த வாரம் அதே படத்தை இன்னொருவர் காட்டினால் அவருக்கும் தருவார்கள். அன்றைக்குத் திருப்பூரில் பாதிக் கம்பெனிகள் அப்படித்தான் ஓடின. நாம் எடுத்தது ஒரு பெண் குத்துவிளக்கு ஏற்றுகிற படம். ஒருநாள் விஜயவாடாவிலிருந்து ஒரு மூட்டை திரும்பி வந்தது. ஒரே சலவையில் சுருங்கித் தொப்புளுக்கு ஏறிவிட்ட பனியன்கள். பிரித்துப் பார்த்தால் நம் சரக்கே இல்லை. வேறு யாரோ அதே விளக்குப் பெண்ணைப் போட்டு விற்றிருக்கிறார்கள். கடைக்காரர் படத்தைப் பார்த்து நமக்குத் திருப்பிவிட்டார். உன் மாமன் அந்த லேபிளைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங் மாப்ள, இந்த அம்மிணி எத்தனை கம்பெனிக்குத்தான் வேலை பாப்பா? போன மாசம் ஒரு தீப்பெட்டியிலயும் இவளேதான் நின்னா!"

அதன்பிறகு அவருக்கு அதே நினைப்புதான். ஒருநாள் நூல் விஷயமாக நாங்கள் இருவரும் ஊத்துக்குளிக்கு ஸ்கூட்டரில் போனோம். வழியில் தந்திக் கம்பியில் ஒரு பனங்காடை உட்கார்ந்திருந்தது. எங்கள் சத்தத்துக்கு அது எழுந்து பறந்தது. மாமன் வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"பாத்தீங்களா மாப்ள? உக்காந்திருக்கறப்ப வெறும் மண்ணு நெறம். றெக்கைய விரிச்சா உள்ள எத்தனை நீலம்! எழுத்துத் தெரியாதவன்கூட இந்தக் குருவிதான் வேணும்னு கேட்டு வாங்கிப்போடுவான்."

"குருவிப் படம் போட்ட பனியனை எவன் மச்சான் வாங்குவான்?" என்று நான் சொன்னேன். இந்த வார்த்தைதான் நான் அந்தப் படத்துக்குக் கொடுத்த பங்கு. பிரமாணப் பத்திரத்தில் 'என் தகப்பனார் தம் சொந்தக் கற்பனையில் உருவாக்கியது' என்று இருக்கிறது.

திரும்பும்போது நேராகப் பூண்டிக்கு விட்டோம். கந்தசாமி கோயில் சிலைகளுக்குக் கல்லின் மேல் காவியில் உருவம் எழுதுகிறவர். அதற்குப் பிறகுதான் உளி வைப்பார். மாமன் கைகளை விரித்து அந்தப் பறவை எழுந்ததைக் காட்டினார். சிற்பி, "சித்த நில்லுங்க, கைய எறக்காதீங்க" என்று சொல்லி மாமனைப் பார்த்தே முதல் கோட்டை இழுத்தார். மூன்று நாள் கழித்துப் படம் வந்தது. காசு கொடுத்தால் வாங்கவில்லை. "சாமி எழுதறதுக்குத்தானுங்க கூலி. குருவிக்கு என்னங்க? பசங்களுக்கு ரெண்டு பனியன் குடுத்துட்டுப் போங்க" என்றார். இரண்டு வருடத்தில் ஆந்திராவில் நம் பனியனுக்குக் கம்பெனிப் பெயர் போய், நீலக்குருவி என்பதே பெயராகிவிட்டது.

பிறகு பிரிந்தோம். காரணம் எதுவானாலும் அடியில் இருந்தது நான்தான். எட்டு வருடம் ஆங்கிலக் கடிதம் எழுதியது போதும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. நம் பக்கத்தில் பங்கு பிரிப்பது உனக்குத் தெரியும். சொந்தபந்தத்தில் நாலு பெரியவர்கள் வந்து கிடங்கில் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்தார்கள். கையால் தொட்டுக் காட்டக்கூடியது எல்லாம் பிரிந்தது. நிட்டிங் மிஷின், தையல் மிஷின், கட்டிங் மேஜை, தராசு, சுவரில் இருந்த கடிகாரம். அச்சடித்து வைத்திருந்த லேபிள் கட்டுகளைக்கூட இரண்டு சமமான குவியலாக்கி ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டோம். அந்த லேபிளில் இருக்கிற படம் இனி யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. தொட்டுக் காட்ட முடியாத ஒன்றைச் சொத்து என்று நினைக்க அவர்களுக்குத் தெரியவில்லை. ஒரு பெரியவர், "அப்புறம் என்னங்க பாக்கி?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லீங்க, அல்லாம் ஆச்சு" என்றார் மாமன். எனக்குத் தெரியும். சட்டக் கல்லூரிக்குப் போகாவிட்டாலும் டிரேட் மார்க்குச் சட்டத்தை வாங்கி வரிவரியாகப் படித்திருந்தேன். வாயைத் திறந்திருந்தால், படம் ஒருவருக்கு, அதற்கு ஈடாக இரண்டு மிஷின் இன்னொருவருக்கு என்று அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும். நான் என் பங்கு லேபிளை எண்ணுகிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன்.

அடுத்த மாதமே மெட்ராஸ் போய், இந்த மார்க் என் ஒருவனுடையது என்று விண்ணப்பம் போட்டேன். அதை அரசாங்க இதழில் வெளியிடுவார்கள். ஆட்சேபம் உள்ளவர்கள் இத்தனை மாதத்துக்குள் சொல்லலாம் என்று விதி. இதழ் ஆங்கிலத்தில் வரும். உன் மாமன் அதைப் பார்க்கவே மாட்டார் என்று எனக்குத் தெரியும். பதிவு என் பேரில் வந்தது. உடனே, இனி அந்த மார்க்கைப் போடக் கூடாது என்று வக்கீல் மூலம் அவருக்கு நோட்டீஸ் அனுப்பினேன்.

நோட்டீஸ் கிடைத்த அன்று காலையில் அவர் எங்கே வந்தார் தெரியுமா? என்னிடம்தான் வந்தார். நம் கம்பெனிப் படியேறி வந்து, அந்தத் தாளை நீட்டினார்.

"இதென்ன கடுதாசின்னே தெரியல மாப்ள. மெட்ராஸ்ல இருந்து வந்திருக்குது. உங்க பேரு மட்டும் இருக்கறத எழுத்துக் கூட்டிப் பாத்தேன். உங்களுக்கு என்னமோ தொந்தரவுன்னு நெனச்சு ஓடியாந்தேன். சித்த படிச்சுச் சொல்லுங்க."

நான் படித்தேன். அன்றைக்கு ஒரு வார்த்தை மாற்றவில்லை. அவர் முழுவதையும் கேட்டார். பிறகு நிதானமாக, "அப்ப நான் பாத்த குருவிய நான் போடக்கூடாதுங்களா?" என்று கேட்டார். "சட்டப்படி கூடாது மச்சான்" என்றேன். உன் அம்மா மோர் கொண்டுவந்து நின்றிருந்தாள். "வெச்சுட்டுப் போ கண்ணு" என்று அவளிடம் சொல்லிவிட்டு, தொடாமலே எழுந்து போனார். அவர் படியிறங்கும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

அவரும் சும்மா இருக்கவில்லை. பெயரை மாற்றிக்கொண்டார், படத்தை விடவில்லை. 'என் குருவி' என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு அதே சிறகு, அதே நீலத்தில் பத்து வருடம் பெட்டி போட்டார். வக்கீல் என்னிடம், "மார்க் உங்கள் பேரில் இருக்கிறது, சரி. ஆனால் படம் என்பது தனி உரிமை. வரைந்தவர் அதை உங்களுக்குக் கொடுத்தார் என்று ஒரு தாள் இருந்தால் இரண்டு வழியிலும் பிடிக்கலாம்" என்றார். அவரே ஆங்கிலத்தில் டைப் அடித்துக் கொடுத்தார். கல்லூரி விடுமுறையில் நீ வந்திருந்தாய். உன்னைப் பின்னால் உட்காரவைத்துப் பூண்டிக்குப் போனேன்.

உனக்கு அந்த இடம் நினைவிருக்கும். கந்தசாமி ஒரு நந்தியின் கழுத்து மணியைச் செதுக்கிக்கொண்டிருந்தார். உளியைக் கீழே வைத்துவிட்டு, கண்ணில் விழுந்த தூசியைத் துடைத்துக்கொண்டே, "எழுதிக் குடுத்துடலாமுங்க. அதுக்கென்ன? என்ன எழுதியிருக்கீங்கன்னு மட்டும் படிச்சுப்போடுங்க" என்றார். நான் தாளைப் பிரித்தேன். 'இவர் ஒருவருக்காக மட்டும், இவர் கேட்டபடி, இவர் சொன்ன கருத்தை வைத்து வரைந்தேன்' என்று ஆங்கிலத்தில் இருந்தது. 'நீங்கள் இருவரும் வந்து கேட்டபடி வரைந்தேன், படத்தை உங்கள் கம்பெனிக்குக் கொடுத்தேன்' என்று தமிழில் படித்தேன். தடுமாறாமல் படித்தேன். அவர், "ஆமாங்க, ரெண்டு பேரும்தானுங்க வந்தீங்க. மச்சான்காரரு கைய விரிச்சு நின்னாரே!" என்று சிரித்தார். "எங்க போடறதுங்க?" என்று கேட்டுக் கையெழுத்துப் போட்டார். பிறகு நான் தாளை மடித்து, அடிப்பகுதி மட்டும் தெரியும்படி உன்னிடம் நீட்டி, "சாட்சிக்கு நீ ஒரு கையெழுத்துப் போடு கண்ணு" என்றேன். நீ போட்டாய். நீ மடிப்பைப் பிரிக்கப் போவது போல உன் கட்டைவிரல் ஒரு நொடி நின்றது. அது நிஜமாக நின்றதா, என் பயத்தில் அப்படித் தெரிந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அந்தத் தாளை வைத்துத்தான் கோர்ட் உத்தரவு வாங்கி, உன் மாமன் கம்பெனியில் லேபிளையும் அச்சுக் கட்டையையும் சீல் வைத்தார்கள்.

இப்போது உன் மாமன் பக்கத்தவர்கள் பதிவையே ரத்துச் செய்ய மனுப் போட்டிருக்கிறார்கள். அவர்களுடைய வக்கீல் கந்தசாமியைக் கூப்பிட்டு அந்தத் தாளை நேராக மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கிறார். "எனக்குப் படிச்சது இது இல்லீங்களே" என்று அவர் சொல்லிவிட்டார். நம் வக்கீலுக்கு இருக்கிற ஒரே துருப்பு நீ. படித்த பையன், இரண்டு பாஷையும் தெரிந்தவன், சாட்சியாகக் கையெழுத்துப் போட்டவன். நீ 'சரியாகத்தான் படிக்கப்பட்டது' என்று சத்தியம் செய்தால் சிற்பி பொய்யராகிவிடுவார். நீ செய்யாவிட்டால் தாள் விழும், தாள் விழுந்தால் மார்க்கும் ஆட்டம் காணும். போன வாரம் வக்கீல் இதைச் சொன்னபோது நான் சரி என்றுதான் சொன்னேன். உன்னிடம் ஒன்றும் சொல்லாமலே கையெழுத்து வாங்கிவிடலாம் என்றுகூட நினைத்தேன். இன்னொரு தடவை தாளை மடித்து நீட்டுகிற கதைதான்.

உன் அம்மா காலையில் சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டாள்: "ஏனுங்க, பையனையுமா கூண்டுல ஏத்தப் போறீங்க?"

"கூண்டெல்லாம் இல்லை. வெறும் கையெழுத்துத்தான்."

"வெறும் கையெழுத்து வாங்கித்தான எங்கண்ணன் ஊட்டு வாசப்படிய நான் மிதிக்காம பண்ணிப்போட்டீங்க? நான் ஒரு வார்த்த கேட்டனா? இத்தன வருசம் வாய மூடிக்கிட்டுத்தான இருந்தேன். பையனத் தொட்டீங்கன்னா மூட மாட்டேன்." கரண்டியைப் பாத்திரத்தில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் பாதிச் சாப்பாட்டில் உட்கார்ந்திருந்தேன். கம்பெனிக்குப் போகாமல் இந்தத் தாளை எடுத்தேன்.

இதில் உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று நீ நினைக்கலாம். யோக்கியதை இல்லாவிட்டாலும் விஷயம் தெரியும், கேள். நீ ஒருநாள் சொந்தமாக மார்க் போடுவாய். சரக்கு வெளியே போகும் முன்பே பதிவு செய். நம்முடையது என்று எல்லோருக்கும்தான் தெரியுமே என்று சும்மா இருக்காதே. அப்படி இருந்த உன் மாமனை நான் இன்றைக்கும் முட்டாள் என்றே சொல்வேன். அவர் முட்டாள் என்பதால் நான் திருடியது சரியாகிவிடாது, அவ்வளவுதான். கூட்டுச் சேர்ந்தால் முதல் நாள் பத்திரத்திலேயே, பிரிந்தால் பெயரும் படமும் யாருக்கு என்று எழுது. முகம் பார்த்துச் சிரிக்கிற காலத்திலேயே எழுது. அச்சகத்து மாதிரிப் புத்தகத்திலிருந்து படம் எடுக்காதே. வரைகிறவர் யாராக இருந்தாலும், அவருக்குத் தெரிந்த பாஷையில் எழுதி, அவரையே படிக்கச் சொல்லி, அதற்குப் பிறகு வாங்கு. அவர் கூலி வேண்டாம் என்றாலும் கொடு. வேண்டாம் என்று சிரித்த மனிதரை ஏமாற்றுவது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும்.

மார்க் போனால் என்ன ஆகும் என்று நான் நினைத்துப் பார்க்காமல் இல்லை. பதிவு ரத்தானால் இந்த ஊரில் யார் வேண்டுமானாலும் அந்தக் குருவியை அச்சடிப்பார்கள். இருவர் பேரிலும் சேர்த்துப் பதிவு செய்யலாம் என்று ஒரு வழி இருக்கிறது. அதற்கு அவர் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒத்துக்கொள்ளாமலும் போகலாம். நான் அவர் இடத்தில் இருந்தால் ஒத்துக்கொள்ள மாட்டேன். அப்படியானால் நாம் புதிய பெட்டி, புதிய படம் என்று முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். உன் காலத்தில் அது நேரும் என்பதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். உன் மாமனிடம் கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

நாளைக் காலையில் பூண்டிக்குப் போகிறேன். கந்தசாமியிடம் நானே சொல்லிவிடுவேன். அவர் உளியைக் கீழே வைப்பாரா என்று தெரியவில்லை. இந்தக் கடிதத்தை மூன்று பிரதி எடுத்திருக்கிறேன். உன்னுடையதை நம் ஆள் கையில் கொடுத்து ரயிலேற்றுகிறேன். புதன்கிழமை மதியம் உன்னிடம் வந்துவிடும். ஒன்று வக்கீலுக்கு, அவர் கத்துவார், கத்தட்டும். மூன்றாவதை உன் மாமனுக்குப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். அவருக்கு யாரும் படித்துச் சொல்ல வேண்டியிருக்காதபடி எழுத்தைப் பெரிதாகப் பிரித்து எழுதியிருக்கிறேன். அவரைப் பற்றி மேலே எழுதியதில் ஒரு சொல்லையும் அடிக்கவில்லை. அவர் பார்த்த பறவை என்பதையும் படிக்கட்டும், முட்டாள் என்பதையும் படிக்கட்டும்.

வெறுமனே அப்பா என்று போட்டால் கோர்ட்டில் செல்லாது. அதனால் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் என் முழுப் பெயரையும் தேதியையும் போட்டிருக்கிறேன். சாட்சிக் கையெழுத்து உன் அம்மாவுடையது. படித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன். என் கையிலிருந்து தாள்களை வாங்கிக்கொண்டாள். முதல் வரியிலிருந்து கடைசி வரைக்கும் தானே படித்தாள்; அவள் முடிக்கும்வரை நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன்.